பனங்கொட்டையைச் சாக்கில் கட்டி வைக்கலாமா?

கேள்வி: ஆகஸ்ட் 26, 2023

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை முழுக்கப் பனை போட வேண்டும் என்று பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். பழம் இப்போதே விழ ஆரம்பித்துவிட்டது. மழை வருவதோ ஐப்பசியில். அதுவரை கொட்டைகளை நல்ல வெயிலில் காயப்போட்டு, சாக்கில் கட்டி, வீட்டுப் பரணில் ஏற்றிவிடலாம் என்பது என் எண்ணம். விதை நெல்லை அப்படித்தானே வைக்கிறோம்? எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நாள் தாங்கும். நடும்போது தண்ணீரில் கொட்டி, மிதப்பதைத் தள்ளிவிட்டால் போதும். சரிதானே அண்ணே?

ஆகஸ்ட் 26, இரவு

காயப்போடாதீங்க தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் வெயிலில் கிடப்பதை நிழலுக்கு இழுத்துப் போடுங்க.

நெல்லின் கணக்கு பனைக்குச் செல்லாது. நெல், உளுந்து, எள் எல்லாம் செடியிலேயே காய்ந்து, உறங்கிப்போய் நம் கைக்கு வருகிற விதைகள். அவற்றுக்கு ஹாரிங்டன் என்பவர் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். அதனால்தான் விதை நெல்லை 13 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து மூட்டை கட்டுகிறோம்.

பனங்கொட்டை அந்த இனத்தில் சேராது. பழத்துக்குள் ஈரமாக இருந்து, ஈரத்தோடே தரையில் விழுகிறது. விழுந்த நாளிலிருந்து முளைக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பலாக்கொட்டையை நாலு நாள் வெயிலில் போட்டுவிட்டு நட்டுப் பாருங்க, மாங்கொட்டையைப் போட்டுப் பாருங்க. முளைக்காது. அதே கதைதான் இங்கும், காய்ந்தால் செத்துவிடும். ஓடு கெட்டியாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். ஓடு கெட்டி, உள்ளே இருக்கிற கரு இளசு.

ஆகஸ்ட் 27

நேற்றுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

2019இல் நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம். உடன்குடிப் பக்கம் மூன்று ஊர்களில் சுற்றிப் பொறுக்கியதில் நாற்பது சாக்கு சேர்ந்தது. நடுவதற்கு ஒரு நாள் குறித்து, பந்தல், விருந்தினர் எல்லாம் முடிவாகி, கடைசி நேரத்தில் அந்த நாள் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது. சாக்குகள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் ஐந்து வாரம் கிடந்தன. வாயைப் பிரித்து உள்ளே கைவிட்டபோது சுட்டது. சோற்றுப் பானைக்குள் கைவிட்டதுபோல் ஒரு சூடு. புளித்த கள் வாடை. கொட்டைகளெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பிய்த்துப் பிய்த்து எடுத்து, இரண்டே நாளில் எல்லாவற்றையும் நட்டோம். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாக வடலி (இளம்பனை) தெரிந்தது. மீதி இடமெல்லாம் வெறும் தரை.

அன்றிலிருந்து, "சாக்கில் காய்ந்து செத்துப்போச்சு" என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

செப்டம்பர் 2

முதல் குறிப்பில் ஒன்றைத் திருத்த வேண்டும்.

பக்கத்து ஊரில் பனையேறும் அண்ணாச்சி ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். "காஞ்சா சாவும்னு யார் சொன்னா? எங்க முத்தத்துல ரெண்டு மாசமா கெடக்கு, வந்து பாரு" என்றார். போனேன். வேப்ப மர நிழலில் நூறு நூற்றைம்பது கொட்டை, மேலே எதுவும் மூடாமல் சும்மா பரப்பிக் கிடந்தது. நார் வெளுத்துப்போயிருந்தது. ஐந்தை வெட்டிப் பார்க்கச் சொன்னார். அரிவாளில் முடியவில்லை, கோடாரிதான் வேண்டியிருந்தது.

வெட்டினால் தெரிவது இது: ஓட்டுக்கு உள்ளே தந்தம் போல வெள்ளைப் பருப்பு, நடுவில் வெற்றிடம். மூக்குப் பக்கம் பருப்பில் ஒரு சிறு குழி, அதில் செருகியதுபோல் கரு. கடுகைவிடப் பெரிது, நிலக்கடலையைவிடச் சிறிது. ஐந்தில் நான்கில் கரு பால்வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் குழைந்துபோகாமல் இருந்தது. ஒன்றில் மட்டும் பழுப்பேறிச் சுருங்கி, குழியில் தளர்ந்து கிடந்தது.

ஆக, காய்ந்த உடனே சாகிறது என்று நான் எழுதியது மிகை. நாரும் ஓடும் ஈரத்தை மெதுவாகத்தான் விடுகின்றன. நிழலில், காற்றோட்டத்தில், பழுத்து விழுந்த கொட்டை சில வாரங்கள் தாக்குப்பிடிக்கிறது. கட்டாந்தரை வெயிலில் போட்டால் அந்த அவகாசம் கிடையாது. வெயில் வேறு, நிழல் வேறு; இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது என் தவறு.

விதை அறிவியலிலும் இந்தக் கோடு அவ்வளவு கறாராக இல்லை. 1973இல் ராபர்ட்ஸ் என்பவர் விதைகளை இரண்டாகப் பிரித்தார்: காயவைத்தால் நெடுநாள் இருப்பவை, காயவைத்தால் சாகிறவை. 1990இல் காப்பிக் கொட்டையை ஆராய்ந்தபோது இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு வகையும் வேண்டியிருந்தது. பனைக் குடும்பத்திலேயே இரண்டு ஓரமும் இருக்கின்றன. தேங்காயும் பாக்கும் காயவே கூடாதவை. பேரீச்சையோ இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த சுமார் 2000 வருஷத்துக் கொட்டையை 2005இல் நட்டு முளைக்க வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஈச்சையும் அந்தப் பேரீச்சைக்குப் பங்காளிதான். அதனால் "பனை வகை" என்று பொதுவாக ஒரே விதி சொல்கிறவரை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செப்டம்பர் 3

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா என்று. வேண்டாம். வெப்ப மண்டலப் பனைகளின் விதைக்குக் குளிர் ஆகாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் கரு கெட்டுவிடும். மனிதர் இருக்கிற அறையின் சூடே அதற்கும் போதும். முளைப்பதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 30 முதல் 35 டிகிரி வரை வேண்டும். புரட்டாசியில் நம் மண்ணே அதைக் கொடுத்துவிடுகிறது.

செப்டம்பர் 9

சரி, எப்படித்தான் வைப்பது என்று கண்மாய்க்கரைத் தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

பழத்தை உடனே உரிக்கப் பாடுபட வேண்டாம். நிழலில் குவித்துவைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் சதை இளகிவிடும், அதன்பிறகு பிரித்தெடுப்பது சுலபம். ஆனால் சதையோடே மாதக்கணக்கில் விடவும் கூடாது. வண்டு, புழு, பூசணம் எல்லாம் அதைத் தேடித்தான் வரும். பனை இனங்கள் பலவற்றில் சதையிலேயே முளைப்பைத் தடுக்கிற சாரமும் இருக்கிறது. ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை இருக்கும். மூன்று கொட்டைப் பழத்தில் ஒன்று சப்பையாக இருந்தால் அதைப் போட்டுவிடுங்க, இடம்தான் வீண்.

பிறகு மர நிழலில் முழங்கால் அளவு பள்ளம், அடியில் மணல். ஒரு வரிசைக் கொட்டை, மேலே நாலு விரல் மணல், மறுபடி கொட்டை. மூன்று வரிசைக்கு மேல் அடுக்குவதில்லை. மேலே பனை ஓலை. மணலைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. அவ்வளவு ஈரம் போதும்.

தென்னைக்காரர்கள் வெகுகாலமாக இதைத்தான் செய்கிறார்கள். நெட்டை ரக விதைத் தேங்காயைக் காம்பு மேலே இருக்கும்படி நிறுத்தி, மணல் போட்டு மூடி, நிழலில் இரண்டு மாதம் வரை வைப்பார்கள். குட்டை ரகம் அவ்வளவு தாங்காது, பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நட்டுவிட வேண்டும். நடுவதற்கு முன் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள், உள்ளே தண்ணீர் வற்றியிருந்தால் கழித்துவிடுவார்கள். பனங்கொட்டைக்கு அந்த வசதி இல்லை. ஆட்டினால் ஒன்றும் சொல்லாது.

பிளாஸ்டிக் பைக்குள் கட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாய் கட்டிய பை மிக மோசம். கொட்டை மூச்சு விடுகிறது. காற்று உள்ளே போக வேண்டும், சூடு வெளியே வர வேண்டும். என்னுடைய 2019 சாக்குகள் சுட்டதற்கு அதுதான் காரணம். வெளியே அடித்த வெயில் பாதி, உள்ளே கொட்டைகளும் பூசணமும் மூச்சு விட்ட சூடு பாதி.

செப்டம்பர் 21

மிதக்கிற சோதனை. நேரில் செய்து பார்க்காமல் எழுத வேண்டாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன்.

சதை நீக்கி மூன்று வாரம் நிழலில் கிடந்த கொட்டைகளைத் தொட்டியில் கொட்டினேன். நிறைய மிதந்தன. மறுநாள் தண்ணீரை மாற்றினேன். மிதந்தவற்றில் பல மூழ்கிவிட்டன. மூன்றாம் நாள் இன்னும் சில. நாருக்குள் அடைபட்ட காற்றுதான் முதல் நாள் அவற்றைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. மூன்று நாளும் மிதந்ததில் ஆறை வெட்டிப் பார்த்தேன், அதிலும் இரண்டில் கரு பழுதில்லாமல் இருந்தது.

மிதப்பதெல்லாம் சொத்தை என்றால் தென்னை கடல் தாண்டியே போயிருக்காது.

அதனால் தம்பி, முதல் நாளே மிதப்பதைக் கழித்தால் நல்ல கொட்டையையும் சேர்த்துத்தான் கழிப்பீர்கள். தினமும் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவிடுங்க. அதன் பிறகும் மிதப்பதைத் தனியாக ஒரு பாத்தியில் போடுங்க, குப்பையில் போடாதீங்க. எவ்வளவு தேறும் என்று மொத்தமாகத் தெரிய வேண்டுமானால், குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து எடுத்து வெட்டுவதுதான் நம்பகமான வழி. ஆய்வுக்கூடங்களில் டெட்ரசோலியம் உப்புக் கரைசலில் கருவை ஊறவைப்பார்கள், உயிருள்ள கரு சிவப்பேறும். கோடாரியும் நகமும் இருக்கிற நமக்கு நிறமும் கெட்டித்தன்மையும் போதும்.

ஓட்டில் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கழியுங்க. வண்டு உள்ளே போய்விட்டது. ஒன்றை விட்டுவைத்தால் குவியல் முழுக்கப் பரவும்.

அக்டோபர் 14

கண்மாய்க்கரைத் தம்பியின் மணல் பள்ளத்தில் முளை கிளம்பிவிட்டதாம். பயந்துபோய் எழுதியிருக்கிறார்.

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கை வைக்கும்போது கவனம். இந்த இடத்தில்தான் 2019ஐப் பற்றி நான் இத்தனை வருஷம் சொல்லி வந்தது பாதிதான் சரி என்று படுகிறது.

பனையின் முளையைப் பாருங்க. மூக்கிலிருந்து வெள்ளையாக, விரல் தடிமனில் ஒன்று இறங்குகிறது. வேர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது வேரில்லை. கொட்டை தன் கருவையே அந்தக் குழாயின் நுனியில் வைத்து மண்ணுக்குள் ஆழமாக அனுப்புகிறது. குருத்து, வேர் எல்லாம் அந்த நுனியில்தான் பிறக்கும். கிழங்கு அங்கேதான் உருளும். காட்டுத்தீ, ஆடு மாடு, வெயில் இவற்றுக்கு எட்டாத ஆழத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் ஒளித்துவைக்கிற மரம் இது. அந்த நுனி ஒடிந்தால் மேலே கொட்டை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பயனில்லை. இன்னொரு கரு அதில் கிடையாது, மறுபடி துளிர்க்காது.

பின்னிக் கிடந்ததைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தோம் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தேனே, அதை இப்போது வாசிக்கும்போது மனம் கனக்கிறது. அந்தச் சாக்குகளில் கணிசமான கொட்டைகள் உயிரோடு முளைத்துத்தான் இருந்திருக்கின்றன. சூட்டில் செத்தவை கொஞ்சம், எங்கள் கையால் ஒடிந்தவை அதைவிட அதிகமாக இருக்கலாம். லாரியிலிருந்து சாக்கை வீசி இறக்கியபோது ஒடிந்தவை வேறு.

அதனால் முளைத்ததைக் கூடையில், ஒற்றை வரிசையாக, ஈர ஓலை போட்டு எடுத்துப் போங்க. குழியைக் கம்பியால் முதலில் ஆழமாகக் குத்தி, முளை வளையாமல் இறங்கும்படி வைத்து, மண்ணைத் தூவி மூடுங்க. மிதித்து இறுக்காதீங்க. பத்தடிக்கு ஒன்று.

அக்டோபர் 15

முளைவிட்டதை நாற்றுப் பையில் போட்டு வளர்த்தால் இந்தச் சிக்கல் இருக்காதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு முளை வெளியே போய்விடும். ஆழமான பையில் வளர்க்கிறவர்கள் உண்டு, செலவு ஏறும், மாற்றி நடும்போது சேதமும் உண்டு. பனைக்கு நேரே மண்ணில் விதைப்பதுதான் இயல்பு. 2021இல் வந்த தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை, 1 லட்சம் கன்று என்று அறிவித்தார்கள். அந்த விகிதத்தைப் பார்த்தாலே புரியும். விதையை நம்பித்தான் எல்லாம். அப்படியானால் பொறுக்கிய நாளுக்கும் நட்ட நாளுக்கும் நடுவே அது எங்கே, எப்படிக் கிடந்தது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும். எத்தனை லட்சம் நட்டோம் என்று பலகை வைக்கிறோம், எத்தனை வாரம் சாக்கில் கிடந்தது என்று எங்கும் எழுதுவதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அக்டோபர் 29

மழை.

டிசம்பர் 24

இத்தனை நாள் எழுத முடியவில்லை. 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்ததை எல்லோரும் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். வீட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. இன்றுதான் பாத்திப் பக்கம் போனேன். மேல் மணல் அரித்துப்போய், ஓரத்துக் கொட்டைகள் மூக்கோடு வெளியே தெரிகின்றன. மணற்பாங்கான இடம், தண்ணீர் தங்கவில்லை. களிமண்ணில் நட்ட கூட்டாளியின் இடத்தில் இன்னும் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. அவரிடம் இப்போது எதையும் தோண்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 13, 2024

பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கினோம்.

இரண்டு பாத்தி போட்டிருந்தேன். ஒன்று ஆவணி நடுவில், விழுந்து பத்து நாளான கொட்டை. இன்னொன்று அண்ணாச்சி முற்றத்தில் கிடந்த கொட்டை, செப்டம்பர் நடுவில் வாங்கிவந்து போட்டது. முளைத்த எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதைப் பார்த்துவிட்டு நவம்பரில் நான் சந்தோஷப்பட்டதும் உண்மை. இன்று பிடுங்கியபோதுதான் வேற்றுமை தெரிந்தது. முதல் பாத்திக் கிழங்கு கைப்பிடி கொள்ளும் பருமன், நேராக, தோல் உரித்தால் மஞ்சள் தட்டிய வெள்ளை. இரண்டாவது பாத்தியில் பாதிக்கு மேல் மெலிந்து, நுனியில் வால் நீண்டு, அவித்தால் நார் அதிகம். இரண்டு வாரம் பிந்திப் போட்டதும் ஒரு காரணம்தான், முழுவதையும் சேமிப்பின் தலையில் கட்டவில்லை. ஆனால் கொட்டையைப் பிளந்து தவுண் (முளைத்த கொட்டைக்குள் வளர்கிற, தின்னக்கூடிய சதை) பார்த்தபோது சந்தேகம் குறைந்தது. புதுக் கொட்டையில் தவுண் உள்வெற்றிடம் முழுக்க நிறைந்து, பஞ்சுபோல், இனிப்பாக இருந்தது. பழைய கொட்டையில் பலவற்றில் அரைகுறையாக நின்று, சுற்றிலும் பருப்பு கரையாமல் கெட்டியாகவே இருந்தது. கருவுக்கு அந்தப் பருப்பைத் தின்று கிழங்குக்கு அனுப்பும் தெம்பு குறைந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே செப்டம்பர் 2ஆம் தேதிக் குறிப்பையும் திருத்துகிறேன். முற்றத்துக் கொட்டை உயிரோடுதான் இருந்தது. உயிரோடு இருப்பதும் திடமாக இருப்பதும் ஒன்றில்லை. அண்ணாச்சியிடம் நாலு கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்து இதைச் சொன்னேன். ஒடித்துப் பார்த்து, "செரிதான், அடுத்த வருசம் மணலுக்குள்ள போட்டுருவோம்" என்றார்.

பிள்ளைகளுக்குத் தவுண்தான் பெரிய விஷயமாகப் போய்விட்டது. கிழங்கைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 4

கூந்தல் பனை விதை பற்றிக் கேட்டவருக்கு: சதையை வெறுங்கையால் தொடாதீங்க. அதில் ஊசிபோன்ற படிகங்கள் இருக்கின்றன, தோல் அரித்துப் புண்ணாகிவிடும். கையுறை போட்டு, தண்ணீரில் அலசி, காயவிடாமல் உடனே விதையுங்க. தாளிப்பனை விதை பற்றிக் கேட்டவருக்கு: வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்துவிட்டு மரம் பட்டுப்போகும். அந்த ஒரு விளைச்சலைத் தவறவிட்டால் அடுத்த மரம் பூக்கும்வரை பல வருஷம் காத்திருக்க வேண்டும். விழுந்ததும் பலருக்கும் பிரித்துக் கொடுத்து மண்ணுக்கு அனுப்பிவிடுங்க.

ஜூன் 16

கண்மாய்க்கரைத் தம்பி இன்று படம் அனுப்பியிருக்கிறார். கரையின் மேற்குப் பக்கம், கூடையில் எடுத்துப்போய் நட்ட வரிசை. பத்தடிக்கு ஒன்றாக, விசிறியாக இன்னும் பிரியாத ஒற்றை இலை, வாள் போல நிற்கிறது. கிழக்குப் பக்கம் காட்டுப்பன்றி தோண்டிவிட்டதாம். அங்கே மறுபடி போட எத்தனை கொட்டை வேண்டும் என்று கேட்கிறார். எண்ணிச் சொல்லுங்க தம்பி. நுங்கு வெட்டு முடிகிறது, ஆடி பிறந்தால் பழம் விழ ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை பள்ளத்தை முதலில் தோண்டிவிட்டு, பிறகு பொறுக்கப் போவோம்.